பாலே நடனத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

மேலைநாட்டு ஆடற்கலைகளுள் உலகெங்கும் பெயர் பெற்று விளங்குவது பாலே. கால்விரல் நுனியில் நின்று, காற்றில் மிதப்பவள் போல் ஆடும் நங்கை ஒருத்தியின் உருவமே அச்சொல்லைக் கேட்டதும் பலர் மனக்கண்ணில் தோன்றும். ஆனால், பாலே தோன்றி ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் சென்ற பின்னரே நுனிவிரல் ஆடல் அதில் நிலையான இடம் பெற்றது. தொடக்கத்தில் அதனை ஆடியவர்கள் கூத்தையே தொழிலாகக் கொண்டவர்களும் அல்லர். அரசரும் அரசவையினருமே ஆடினர்.

பாலேயை ரஷ்ய நாட்டுக் கலை என்பார் உளர். பிரெஞ்சு நாட்டுக் கலை என்பாரும் உளர். அது கருவுற்றது இத்தாலியில், பிறந்து இலக்கணம் பெற்றது பிரான்சில், முதிர்ந்தது ரஷ்யாவில், மறுபிறவி எடுத்தது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும். ஒரு நாட்டில் தளர்ந்தபோதெல்லாம் மற்றொரு நாட்டில் தழைத்தது. இஃது எவ்வாறு இயன்றது? பாட்டுக்கு ஏடு உண்டு. சிற்பத்திற்குக் கல் உண்டு. ஆடலுக்கோ ஆடுபவரின் உடம்பைத் தவிர வேறு உறைவிடம் இல்லை. ஆகவே, அதனை ஓர் உடம்பிலிருந்து மற்றோர் உடம்பிற்கு மாற்றித் தரும் ஆசிரியர் இன்றி அக்கலை ஒரு தலைமுறையும் நில்லாது. பாலேயின் வரலாறு பெரும்பகுதியும் ஆசிரியர்களின் வரலாறாக அமைந்திருப்பதன் காரணம் இதுவே.

இத்தாலிய அரண்மனைகள்

'பாலே' என்பது பிரெஞ்சு மொழியின் வழியாக வழங்கும் சொல். அதன் மூலம் இத்தாலிய மொழியின் 'பல்லெத்தோ' என்பதாம். 'பல்லோ' என்றால் ஆடல். 'பல்லெத்தோ' என்றால் சிறிய ஆடல். இவை யாவும் ஆடுதல் எனப் பொருள்படும் 'பல்லாரே' என்னும் பிற்கால இலத்தீன் வினையிலிருந்து கிளைத்தவை.

15ஆம் நூற்றாண்டில் இத்தாலி பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வோர் அரசவையும் விழாவாலும் விருந்தாலும் தன் பெருமையைக் காட்ட முயன்றது. அவ்விழாக்களில் ஆடலை ஒழுங்குபடுத்தவும், உயர்குடி மக்களுக்கு நடையும் நிலையும் பயிற்றவும் ஆடலாசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்களுள் தலைசிறந்தவர் தொமெனிக்கோ தா பியாசென்சா. ஆடலுக்கு வேண்டிய தாளவுணர்வு, நினைவாற்றல், இடத்தை அளந்தாடும் திறன் முதலியவற்றை அவர் நூலாக வகுத்தார். அவருடைய மாணவர்களும் அவ்வழியே நூல்கள் இயற்றினர்.

1489ஆம் ஆண்டில் மிலான் கோமகனின் திருமணத்தை ஒட்டித் தொர்தோனா என்னும் ஊரில் நடந்த விருந்து பெரிதும் பேசப்படுவது. அங்கே ஒவ்வோர் உணவு வகை வரும்போதும் அதற்கேற்ற புராணக் கதையொன்று ஆடலாகக் காட்டப்பட்டது. உணவும் இசையும் ஆடலும் ஒரே கதைப் போக்கில் இணைந்த அக்காட்சியில் பிற்கால பாலேயின் வித்தைக் காணலாம்.

பிரான்சில் பிறந்த முதல் பாலே

1533ஆம் ஆண்டில் பிளாரன்சு நகரத்து மெதிச்சி குடும்பத்துப் பெண்ணான காதரின், பிரெஞ்சு இளவரசரை மணந்து பாரிசுக்குச் சென்றார். பின்னர் அரசியாகவும் அரசமாதாவாகவும் விளங்கிய அவர், இத்தாலிய விழா மரபைப் பிரெஞ்சு அரசவையில் வேரூன்றச் செய்தார்.

அவருடைய மகன் மூன்றாம் ஆன்றி ஆண்டபோது, 1581ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், அரசியின் தங்கை திருமணத்தை ஒட்டி ஒரு பெரும் ஆடல் நிகழ்ச்சி நடைபெற்றது. 'அரசியின் நாடக பாலே' எனப்படும் அதனை அமைத்தவர் பெல்ஜியோயோசோ என்னும் இத்தாலியர். பிரெஞ்சுக்காரர்கள் அவரைப் போழ்வாயே என அழைத்தனர். கவிதை, இசை, ஆடல், காட்சியமைப்பு ஆகிய நான்கும் ஒரே கதையில் பொருந்திய முதல் படைப்பு இதுவே என வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் அது நடந்தது.

மனிதரை விலங்குகளாக மாற்றும் சர்சி என்னும் மாயக்காரி, இறுதியில் அரசரின் ஆற்றலுக்குப் பணிவதே கதை. அக்காலத்தில் பிரான்சு, கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தத் திருச்சபையினருக்கும் இடையே மூண்ட உள்நாட்டுப் போர்களால் சிதைந்திருந்தது. குழப்பத்தை அடக்கி ஒழுங்கை நாட்ட வல்லவர் அரசர் ஒருவரே என்பதை ஆடல் வாயிலாக அரசவைக்கு உணர்த்துவது அதன் உட்பொருள். பாலே பிறக்கும்போதே அரசியலின் கருவியாகப் பிறந்தது.

ஞாயிறாக ஆடிய மன்னர்

அக்கருவியை முழுமையாகப் பயன்படுத்தியவர் பதினான்காம் லூயி. அவர் சிறுவராக இருந்தபோது பிரபுக்கள் கிளர்ச்சி செய்தனர். அரச குடும்பம் பாரிசை விட்டு வெளியேறவும் நேர்ந்தது. கிளர்ச்சி ஒடுங்கிவந்த 1653ஆம் ஆண்டில், 14 வயதினரான லூயி 'இரவு பாலே' என்னும் நிகழ்ச்சியில் தோன்றினார். இருளும் குழப்பமும் நிறைந்த காட்சிகள் இரவு முழுவதும் நடந்தபின், பொன்னொளி வீசும் உடையில் எழுஞாயிறாக அரசர் வந்தாடினார். 'ஞாயிற்று மன்னர்' என்னும் பெயர் அவருக்கு நிலைத்ததற்கு அவ்வாடலும் ஒரு காரணம்.

1661ஆம் ஆண்டில் லூயி 13 ஆடலாசிரியர்களைக் கொண்டு அரசு ஆடற்கழகம் ஒன்றை நிறுவினார். 1669இல் இசைநாடகக் கழகம் ஏற்பட்டது. இதனையே இன்று பாரிஸ் ஓப்பரா என்கிறோம். 1670ஆம் ஆண்டளவில் அரசர் தாம் ஆடுவதை நிறுத்திக் கொண்டார். அரசர் விலகவே அரசவையினரும் மெல்ல விலகினர். அவர்கள் விட்ட இடத்தைப் பயிற்சி பெற்ற தொழிற்கலைஞர் நிரப்பினர். 1681ஆம் ஆண்டில் லுல்லி இசையமைத்த 'காதலின் வெற்றி' என்னும் படைப்பில், ஓப்பரா மேடையில் முதன்முதலாகப் பெண் தொழிற்கலைஞர் ஆடினர். அதுவரை அம்மேடையில் பெண் வேடத்தையும் ஆடவரே முகமூடி அணிந்து புனைந்தனர்.

ஐந்து நிலைகள்

அரசரின் ஆடலாசிரியரான பியேர் போஷாம் பாலேயின் அடிப்படை இலக்கணத்தை வகுத்தவராகப் போற்றப்படுகிறார். பாதங்களை வைக்கும் முறைகளை அவர் ஐந்து நிலைகளாகப் பிரித்தார். எந்த அசைவும் இவ்வைந்தனுள் ஒன்றில் தொடங்கி ஒன்றில் முடிதல் வேண்டும். கால்கள் இடுப்பிலிருந்தே வெளிப்புறம் திரும்பியிருத்தல் அடுத்த விதி. இதனால் கால் பக்கவாட்டில் உயர எழும். உடல் எத்திசையிலும் விரைந்து திரும்பும்.

பரதநாட்டியம் அறிந்தோர்க்கு இது புதிதன்று. அரைமண்டியிலும் முழங்கால்கள் வெளிப்புறமே திரும்புகின்றன. ஆயினும், ஒரே திருப்பத்திலிருந்து இரு கலைகளும் வேறு வேறு வழிகளில் செல்கின்றன. பரதத்தில் உடல் தாழ்ந்து அமர, பாதம் நிலத்தைத் தட்டித் தாளத்தை ஒலிக்கச் செய்கிறது. பாலேயில் உடல் மேல்நோக்கி நீள, பாதம் ஓசையின்றி நிலத்தைப் பிரிய முயல்கிறது. முன்னது நிலத்தோடு உறவாடுகிறது. பின்னது நிலத்தை மறக்க விழைகிறது.

1700ஆம் ஆண்டில் ஃபோயே என்பவர் ஆடலைக் குறிகளால் எழுதிவைக்கும் முறையொன்றை வெளியிட்டார். 1713இல் ஓப்பராவில் நிலையான ஆடற்பள்ளி ஏற்பட்டது. இப்பள்ளி வழியாகவே பாலேயின் கலைச்சொற்கள் யாவும் பிரெஞ்சு மொழியில் உறுதிபெற்றன. முழங்கால் மடித்தலைப் 'பிளியே' என்றும், ஒற்றைக்காற் சுழற்சியைப் 'பிருவெட்' என்றும் உலகின் எந்த மூலையிலும் இன்று சொல்வதன் காரணம் இதுவே.

மெய்ப்பாட்டைக் கேட்ட நோவேர்

18ஆம் நூற்றாண்டில் இரு நங்கையர் உடையில் மாற்றம் புகுத்தினர். கமார்கோ என்பவர், தம் காலின் நுட்பம் தெரியும்படி பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் உயர்த்தினார். சாலே என்பவர், 1734இல் இலண்டனில் ஆடியபோது கனத்த உடையையும் பொய்முடியையும் நீக்கி, மெல்லிய துகிலும் விரிந்த கூந்தலுமாகத் தோன்றினார்.

கருத்தில் மாற்றம் புகுத்தியவர் நோவேர். 1760ஆம் ஆண்டில் கடித வடிவில் அவர் வெளியிட்ட நூல், பாலே வரலாற்றில் ஒரு திருப்பம். அழகிய அடிவைப்பும் சுழற்சியும் மட்டும் கலையாகிவிடா. கதையும் உணர்ச்சியும் முகத்திலும் உடலிலும் விளங்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். முகத்தை மறைக்கும் முகமூடியை எறிய வேண்டும் என்றார். நம் மரபில் நிருத்தம் என்றும் அபிநயம் என்றும் பிரித்துச் சொல்வதை எண்ணிப் பார்த்தால், நோவேர் கேட்டது எது என்பது எளிதில் விளங்கும். அவர் பிறந்த ஏப்ரல் 29ஆம் நாளே 1982 முதல் உலக ஆடல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நோவேரின் மாணவர் தோபெர்வால் 1789ஆம் ஆண்டு சூலை முதல் நாள் போர்தோ நகரில் ஒரு பாலேயை அரங்கேற்றினார். தாயின் காவலை மீறித் தான் விரும்பிய உழவனை மணக்கும் சிற்றூர்ப் பெண் ஒருத்தியின் கதை அது. தேவரும் மன்னரும் நிறைந்திருந்த மேடையில் வைக்கோற்போரும் உழவரும் இடம் பெற்றனர். இரண்டு வாரங்களில் பாரிஸ் மக்கள் பாஸ்தீல் சிறையைத் தகர்த்தனர். அரசவை அழிந்தது, அரசவையில் பிறந்த கலை மக்களிடம் புகுந்து பிழைத்தது.

நுனிவிரலும் வெண்துகிலும்

1832ஆம் ஆண்டில் பாரிசில் அரங்கேறிய 'லா சில்ஃபீடு' பாலேயின் உருவத்தையே மாற்றியது. காற்றில் உலவும் தேவமகளாக ஆடியவர் மரீ தக்லியோனி. ஆசிரியராக நின்று அவரை நாள்தோறும் பல மணி நேரம் கடுமையாகப் பயிற்றியவர் அவருடைய தந்தை. நுனிவிரலில் நிற்றல் அதற்கு முன்னும் வித்தையாகக் காட்டப்பட்டதுண்டு. மண்ணுலகைச் சேராதவள் இவள் என்னும் பொருளை அதற்கு ஏற்றியவர் தக்லியோனியே. இன்றுள்ள கெட்டியான முனைக்காலணி அன்று இல்லை. மென்மையான பட்டுக் காலணியின் விளிம்பை நூலால் தைத்து இறுக்கியே அவர் நின்றாடினார்.

1841ஆம் ஆண்டில் 'ஜிசேல்' அரங்கேறியது. காதலனால் ஏமாற்றப்பட்டு இறந்த பெண், ஆவியாகிய பின்னும் அவன் உயிரைக் காக்கும் கதை இது. அக்கதையை அமைத்தவர்களுள் ஒருவர் கவிஞர் தெயோபில் கோத்தியே. தமிழர் அறிய வேண்டிய செய்தியொன்று இவரோடு தொடர்புடையது.

1838ஆம் ஆண்டில் கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து தேவதாசியர் சிலரும் இசைக்கலைஞர்களும் பாரிசுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அங்கும் பின்னர் இலண்டனிலும் ஆடினர். அவர்களுள் அம்மணி என்னும் இளம்பெண்ணின் ஆடலைக் கண்டு வியந்து எழுதியவர் கோத்தியே. பார் என்னும் பிரெஞ்சுச் சிற்பி அப்பெண்ணின் உருவை வெண்கலத்தில் வடித்தார். 1830லேயே தக்லியோனி ஓர் இந்திய ஆடல்மகளாகப் பாரிஸ் மேடையில் ஆடியிருந்தார். கற்பனைத் தேவதாசியை முன்பே கண்டு களித்த நகரம், எட்டாண்டுகள் கழித்தே உண்மைத் தேவதாசியரைக் கண்டது. அவர்களை ஐரோப்பியர் 'பாயதேர்' என்றனர். போர்த்துகீசிய மொழியில் ஆடல்மகளைக் குறிக்கும் சொல்லின் திரிபு அது. அதன் வேரும் 'பாலே'யின் வேரும் ஒன்றே. 1877இல் பெத்திப்பா ரஷ்யாவில் அமைத்த 'லா பாயதேர்' இன்றும் ஆடப்பெறுகிறது. அதில் உள்ள இந்தியா ஐரோப்பியக் கற்பனையே. திருவந்திபுரத்தாரின் ஆடல் அதில் இல்லை.

புகழின் உச்சியிலேயே பாரிஸ் பாலே தளரத் தொடங்கியது. ஆடலரின் மெல்லுடை விளக்குத்தீ பற்றி எரிவது அக்காலத்தின் பெருங்கொடுமை. தக்லியோனியின் அருமை மாணவி எம்மா லிவ்ரி 1862இல் ஒத்திகையின்போது தீயில் சிக்கி, மறு ஆண்டு மாண்டார். ஆடவர் ஆடல் மதிப்பிழந்தது. 1870இல் 'கொப்பேலியா' அரங்கேறியபோது கதைத்தலைவனாக ஆடியவரும் ஒரு பெண்ணே.

ரஷ்யாவின் கொடை

பாரிசில் மங்கிய விளக்கு பீட்டர்சுபர்க்கில் சுடர்விட்டது. அங்கே 1738ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு ஆசிரியர் லாந்தே பேரரசியின் ஆதரவில் ஆடற்பள்ளி தொடங்கியிருந்தார். அரண்மனைப் பணியாளரின் பிள்ளைகளே அதன் முதல் மாணவர்கள். 1847இல் மார்சேய் நகரத்தவரான மாரியுஸ் பெத்திப்பா அங்குச் சென்று, வாழ்நாளின் எஞ்சிய பகுதியை அந்நாட்டிற்கே அளித்தார். அவரோடு டென்மார்க்கு மரபில் பயின்ற சுவீடன் நாட்டு யோகான்சனும், இத்தாலிய மரபில் வந்த செக்கெத்தியும் அங்கே பயிற்றினர். பிரெஞ்சு நளினமும் இத்தாலிய வேகமும் ரஷ்ய உணர்ச்சியும் கலந்து ஒரு புதுமரபு உருவாயிற்று.

சைக்கோவ்சுகியின் இசையில் 'உறங்கும் அழகி' 1890இலும், 'கொட்டை உடைப்பான்' 1892இலும் அரங்கேறின. 'அன்ன ஏரி' 1877இல் மாஸ்கோவில் முதலில் ஆடப்பட்டபோது பெருவெற்றி பெறவில்லை. இசையமைத்தவர் 1893இல் மறைந்தார். 1895இல் பெத்திப்பாவும் இவானவும் புதிதாக அமைத்த வடிவமே உலகப் புகழ் பெற்றது. அவ்வெற்றியைக் காண அதன் இசையாசிரியர் இல்லை.

1917இல் ரஷ்யப் புரட்சி வெடித்தது. பேரரசின் அரங்கில் மேலாளராக இருந்த நிக்கொலாய் செர்கேயெவ் நாட்டை விட்டு வெளியேறியபோது, பெட்டி பெட்டியாகக் கையெழுத்துச் சுவடிகளை உடன் கொண்டு சென்றார். ஸ்தெப்பானவ் என்பவர் வகுத்த குறிமுறையில் பெத்திப்பாவின் பாலேக்கள் அவற்றில் எழுதப்பட்டிருந்தன. அச்சுவடிகளைக் கொண்டே இலண்டனில் 1934இல் 'ஜிசே'லும் 'அன்ன ஏரி'யும், 1939இல் 'உறங்கும் அழகி'யும் ஆடப்பெற்றன. அச்சுவடிகள் இன்று அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளன. ஆனால், குறிகள் கால் செல்லும் வழியைக் காட்டுமேயன்றி, கழுத்தின் சாய்வையும் மூச்சின் ஓட்டத்தையும் முழுதும் காட்டா. அவற்றை உயிர்ப்பிக்க, அவ்வாடலை நேரில் கண்டறிந்த செர்கேயெவே ஒத்திகையில் நின்று கற்பிக்க வேண்டியிருந்தது.

உலகெங்கும் பரவிய கலை

1909இல் தியாகிலெவ் என்பவர் ரஷ்யக் கலைஞரைத் திரட்டிப் பாரிசுக்குக் கொண்டு வந்தார். பிரான்சு ரஷ்யாவிற்குத் தந்த கலை, புதுப்பொலிவுடன் பிரான்சுக்கே மீண்டது. பொக்கின் ஆடலமைத்தார், நிசின்சுகி ஆடினார், ஸ்திராவின்சுகி இசையமைத்தார், பிக்காசோ முதலிய ஓவியர்கள் காட்சி தீட்டினர். 1913ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் 'வசந்தப் பலி' அரங்கேறியபோது, அதன் புதுமையைப் பொறாத அவையினர் கூச்சலிட்டனர். 1929இல் தியாகிலெவ் மறைந்ததும் குழு கலைந்தது. கலைந்தவர்கள் சென்ற இடமெல்லாம் பள்ளிகள் எழுந்தன. நினெத் தெ வலுவா 1931இல் தொடங்கிய குழுவே 1956இல் இங்கிலாந்தின் அரச பாலேயாக உயர்ந்தது. பாலன்சின் 1934இல் நியூயார்க்கில் முதலில் பள்ளியையும், 1948இல் நியூயார்க்கு நகர பாலேக் குழுவையும் நிறுவியவர்களுள் ஒருவர். ரஷ்யாவில் எஞ்சிய வாகனோவா தம் பயிற்சிமுறையை 1934இல் நூலாக்கினார்.

தனிக்குழு அமைத்து உலகை வலம் வந்தவர் அன்னா பாவ்லோவா. 1922இல் அவர் சிங்கப்பூரிலும் ஆடினார். இந்தியக் கதையொன்றை ஆட விரும்பி 1923இல் அவர் நாடியவர் உதயசங்கர். உருக்மிணி தேவி பாவ்லோவாவின்பால் கொண்ட ஈடுபாட்டால் அவருடைய குழுவினர் ஒருவரிடம் பாலே பயின்றார். தம் நாட்டுக் கலையையே நாடும்படி பாவ்லோவா அவருக்கு அறிவுரை கூறினார். பின்னர் அவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்று, 1936இல் சென்னையில் கலாட்சேத்திரத்தை நிறுவினார். அதற்குப் பதினோராண்டுகள் கழித்து, 1947இல், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் தடைசெய்தது. பாரிஸ் வரை சென்று ஆடிய மரபினரின் கலை, அதற்குள் நட்டுவனாரின் வழியாகப் புதிய மாணவரை அடைந்திருந்தது. அவர் இல்லையேல், அடவுகளைப் புதிதாகக் கற்க வந்தோர்க்குக் கற்பிப்பார் இல்லை.

சிங்கப்பூரில் 1988இல் தொழில்முறைக் குழுவொன்று தோன்றியது. 2021 முதல் அது சிங்கப்பூர் பாலே என்னும் பெயரால் இயங்குகிறது. அங்கேயும், பாரிசிலும், பீட்டர்சுபர்க்கிலும் நாட்பயிற்சி ஒரே வகையிலேயே தொடங்குகிறது. மாணவர் சுவரோரத்துச் சட்டத்தைப் பற்றி நிற்கின்றனர், ஆசிரியர் 'பிளியே' என்கிறார், முழங்கால்கள் மடிகின்றன. பதினான்காம் லூயியின் அரசு மறைந்துவிட்டது. அவர் ஆசிரியர் வகுத்த ஐந்து நிலைகள், நாள்தோறும் காலையில் யாரோ ஓர் ஆசிரியரின் குரலுக்கு இன்றும் உருப்பெறுகின்றன.